குன்னூர் லயத்தில் ஒரு பார்க்கின்சன்: நிகழ்வு ஆய்வு

பார்க்கின்சன் நோயைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை நகரத்து நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஓய்வுபெற்ற அதிகாரி, பூங்காவில் காலை நடை, இரண்டு தெரு தள்ளி நரம்பியல் மருத்துவர். இங்கே நான் எழுதுவது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு அம்மாவைப் பற்றி. நான் இயன்முறை மருத்துவர். நோய் உறுதியான சில மாதங்களிலிருந்து அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேரை மட்டும் போட்டுறாதீங்க தம்பி. மத்ததெல்லாம் எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். அதனால் பெயரும் எஸ்டேட்டும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுகிறார்கள் என்பது டெல்லியிலோ அமெரிக்காவிலோ பேச வேண்டிய விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த அம்மாவின் மாத்திரை, நடை, மாதச் செலவு எல்லாவற்றிலும் எங்கோ யாரோ போட்ட ஆராய்ச்சிப் பணம் இருக்கிறது. அந்தப் பணம் எட்டாமல் நின்றுபோன இடங்களும் அதே வீட்டிலேயே தெரிகின்றன.

நோயாளி

வயது 61. இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றாக, சிறுமியாக இருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறி வந்தார். கணவரும் அதே எஸ்டேட்டில் கவ்வாத்தும் மருந்தடிப்பும் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மருமகள் கொழுந்து பறிக்கிறார், பேரனோடு அதே லயத்தில்தான், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான், குடியிருப்பு. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் லேசாக உண்டு. ரத்தசோகை பல வருடமாக உண்டு. ஒரு அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் இருந்ததாம். அது என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை.

நோய் வெளிப்பட்ட விதம்

கொழுந்து பறிப்பது இரண்டு கையும் சேர்ந்து ஓட வேண்டிய வேலை. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கண் பார்க்கும் முன்பே விரல் கிள்ளிவிட வேண்டும், கைப்பிடி நிறைந்ததும் பின்னால் கூடைக்குள் வீச வேண்டும். பார்க்கின்சன் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். இவருக்கு வலது கை. நடுக்கம் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது மந்தம். விரல் கிள்ளும் வேகமும் வீச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன.

இதற்கு ஒரு சாட்சி இருந்தது. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் சம்பளச் சீட்டுகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தால் கூடுதல் காசு உண்டு. முன்பெல்லாம் சீசனில் அந்தக் காசு தவறாமல் வந்திருக்கிறது. நோய் உறுதியாவதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பிலிருந்து அது இறங்க ஆரம்பித்து, பிறகு நின்றே போயிருக்கிறது. அதே மழை, அதே செடி, பக்கத்து நிரையில் பறித்தவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. மேஸ்திரி திட்டியிருக்கிறார், வயசாகிவிட்டது என்று பெண்கள் கேலி செய்திருக்கிறார்கள். இவரும் அப்படியே நம்பியிருக்கிறார். நரம்பியல் மருத்துவர் விரலைத் தட்டச் சொல்லி எண்ணிப் பார்ப்பதைத்தான் அந்தச் சீட்டுகள் மாதாமாதம் எழுதிவைத்திருந்தன. மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கை மட்டும் பின்தங்கி, கிலோ குறைந்துகொண்டே வரும் தொழிலாளிக்கு வயதை மட்டும் காரணம் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

இன்னும் அறிகுறிகள் இருந்தன. ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசம் தனக்கு வருவதில்லை என்று எப்போதோ மருமகளிடம் சொல்லியிருக்கிறார். மலச்சிக்கல் பல வருடமாக. தூக்கத்தில் கத்துவார், கையை வீசுவார், ஒருமுறை கணவரின் மூக்கில் அடி பட்டிருக்கிறது. மணம் போவது, மலச்சிக்கல், கனவில் கைகால் வீசுவது மூன்றும் நடை தடுமாறுவதற்கு வருடக்கணக்கில் முன்பே வரக்கூடியவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் காரணம் உண்டு. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

அப்புறம் வலது தோள் பிடித்துக்கொண்டது. அதற்கு வலி மாத்திரையும் ஊசியும் கொஞ்ச காலம். பார்க்கின்சன் தோள்வலியாகத் தொடங்குவது எங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பதுதான். இறுகிய தோளை வலியாகப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள், இறுக்கம் ஏன் வந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. நடுவில் தலைசுற்றலுக்கு ஒரு கிளினிக்கில் சின்னரிசின் எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டியே மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அசைவுகளை ஓட்டும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதுதான் பார்க்கின்சன். சின்னரிசினும் அதே வகையைச் சேர்ந்த ஃபுளுனரிசினும் அந்த டோபமினின் வேலையைத் தடுப்பவை. நோய் இல்லாதவருக்கே பார்க்கின்சன் மாதிரி இறுக்கத்தைக் கொண்டுவரும், நோய் இருப்பவருக்கு அதைக் கூட்டும். மாவட்ட மருத்துவமனையில் ஒரு மருத்துவர் இதைக் கண்டுபிடித்து முதலில் அந்த மாத்திரையை நிறுத்தினார். சில மாதம் பொறுத்துப் பார்த்தும் வலக்கை மந்தம் போகவில்லை. அதன் பிறகே கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அவர் நிதானமாகச் செய்த அந்த ஒரு காரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் கையால் சோதித்தே நோயைச் சொன்னார். மந்தமும் அதோடு இறுக்கமோ, கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கமோ இருந்து, வேறு காரணங்கள் இல்லை என்று தெரிந்தால் பார்க்கின்சன் என்று சொல்லலாம். மருந்துக்கு உடல் நன்றாக இசைந்தால் அது மேலும் உறுதி.

மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் பணம்

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, 100/25 அளவில் நாளுக்கு மூன்று வேளை. இங்கே எல்லோரும் சின்டோபா என்றே சொல்வார்கள். மூன்று வாரத்தில் அவர் தானே சேலை கட்ட ஆரம்பித்தார், கொசுவம் பிடிக்கக் கை வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த மருந்தை எதுவும் முந்தவில்லை.

இது யாரும் ஒரே நாளில் கண்டுபிடித்தது இல்லை. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது எந்த நோய்க்கும் மருந்து இல்லை. ஒரு விதையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வேலை, அவ்வளவுதான். 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தி வேரில் இருக்கும் ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்து அவற்றை அசையாமல் ஆக்கி, பிறகு லெவோடோபா கொடுத்து எழுப்பிக் காட்டினார். 2000-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. 1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். அந்த 1937 ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் "இதனால் என்ன பயன்" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும் என்று நான் எங்கே பேசினாலும் பூனைக்காலியைத்தான் சொல்கிறேன்.

பூனைக்காலிப் பொடியைப் பற்றி அவர் கணவரும் கேட்டார். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறதே, அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று. அதில் இருப்பது உண்மையான லெவோடோபாதான், ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடி உடல் தானாக நெளியும், குமட்டும், எழுந்தால் தலை சுற்றும். நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

மருந்து வேலை செய்தாலும் சில நாள் செய்யாது. ஏன் என்று பார்க்க ஒரு வாரம் வேளை எழுதச் சொன்னோம். மருமகள்தான் எழுதினார், பேரனின் நோட்டில். பார்த்தால் காரணம் சின்னது. ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறார். இரும்பு லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். எஸ்டேட் பெண்களில் எத்தனை பேருக்கு இரும்பு மாத்திரை போகிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வைத்ததும் காலை நேரம் சீரானது. பருப்பு, முட்டை மாதிரிப் புரதமும் மருந்தோடு போட்டி போடும். எனவே மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், முட்டை இரவில்.

இன்னொன்று மலைக்கே உரியது. கோயம்புத்தூர் போய்த் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தது. வழியில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அது மெட்டோகுளோபிரமைடு. வாந்திக்கு நல்ல மருந்துதான், ஆனால் மூளைக்குள்ளும் டோபமினை மறிக்கும். அடுத்த இரண்டு நாள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தேவைப்பட்டால் டோம்பெரிடோன் பரவாயில்லை, அதுவும் இதயத்தைப் பார்த்துக்கொண்டு. இப்போது அவர் சுருக்குப்பையில் ஒரு அட்டை இருக்கிறது. "எனக்குப் பார்க்கின்சன். மெட்டோகுளோபிரமைடு, ஹாலோபெரிடால், சின்னரிசின் கொடுக்க வேண்டாம்." மலையில் இருக்கும் ஒவ்வொரு பார்க்கின்சன் நோயாளிக்கும் இந்த அட்டை வேண்டும். அச்சடிக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

வாசலில் நிற்கும் கால்

மூன்றாவது வருடம் நடை உறைய ஆரம்பித்தது. லயத்து வீட்டு வாசல் குறுகல், உயர்ந்த மரப்படி, வெளியே வெயில், உள்ளே இருட்டு. அங்கே வந்ததும் இரண்டு காலும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் போகாது. விழுவதற்கு அதுதான் வழி.

ஆனால் அதே அம்மா லயத்துக்குப் பின்னால் இருக்கும் கல் படிக்கட்டை நிற்காமல் ஏறுவார். இது பக்கத்து வீடுகளில் பெரிய பேச்சாகிவிட்டது. படி ஏறத் தெரிகிறது, வாசலில் மட்டும் நிற்கிறாரே, வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறார் என்று. மருமகளுக்கே கொஞ்ச நாள் அந்தச் சந்தேகம் இருந்தது. அவரை உட்காரவைத்து விளக்கினேன். பழகிய அசைவுகளைத் தானாக ஓட்டும் பாதைதான் டோபமின் இல்லாமல் பழுதாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியைப் பார்த்து அடி வைக்கும்போது மூளை வேறு பாதையில் போகிறது. ஒவ்வொரு படியும் ஒரு குறி. சமதரையில் குறி இல்லை. அன்றைக்கு அவர் சொன்னது: "மாமி வேணும்னே பண்றாங்கனு நானும் நினைச்சுட்டேன் சார்." அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் குறைந்தது.

சரி, தரையிலும் குறி வைப்போம் என்று தீர்மானித்தோம். வண்ண டேப் ஒட்டிப் பார்த்தோம், குன்னூர் ஈரத்தில் இரண்டு வாரம் தாங்கவில்லை. கணவர் எங்கேயோ மிச்சமிருந்த ரெட் ஆக்சைடு பெயிண்ட் கொண்டுவந்தார். வாசலுக்கு வெளியே மூன்று, உள்ளே மூன்று, அவர் அடிக்குத் தகுந்த இடைவெளியில் குறுக்குக் கோடுகள். கோட்டை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். நிறுவையில் எண்ணுவது போல உரக்க எண்ணிக்கொண்டு தாண்டச் சொன்னேன். அது அவருக்கு உடனே பிடிபட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி உட்கார 24 விநாடி ஆனது, சில வாரத்தில் 16-க்கு வந்தது. விழுவது நிற்கவில்லை, ஆனால் வாசலில் விழுவது நின்றது.

நான் இதைக் கற்றுக்கொண்ட ஆய்வு ஐரோப்பாவில் 153 பேரிடம் வீட்டிலேயே வைத்து நடத்தியது. ரெஸ்க்யூ என்று பெயர், 2007-இல் வெளிவந்தது, ஐரோப்பிய ஆணையத்தின் பொதுப்பணம். குறி வைத்துப் பயிற்சி கொடுத்தால் நடை மேம்படுகிறது என்றும் பயிற்சியை விட்டால் பலன் கரைகிறது என்றும் அதில் காட்டினார்கள். எந்தக் கம்பெனியும் சிவப்புக் கோட்டுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. இந்த மாதிரிக் கேள்விக்கு அரசும் அறக்கட்டளையும்தான் பணம் போட முடியும். உடற்பயிற்சி ஆய்வுகளும் அப்படியே. 2018-இல் வந்த ஸ்பார்க்ஸ் ஆய்வு 128 பேரை வைத்து, இதயம் நன்றாக ஓடும் அளவு வேகமாக நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் கூடியது குறைவு என்று கண்டது. அதற்கும் அமெரிக்க அரசு நிதி. டிரெட்மில்லுக்குப் பதிலாக எங்களுக்கு ஃபேக்டரி வரை போகும் ஏற்றம் இருக்கிறது.

மகன் வாங்கிய கேப்சூல்

திருப்பூரில் யாரோ சொன்னார்கள் என்று மகன் கோஎன்சைம் க்யூ10 என்ற சத்துக் கேப்சூல் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல். அம்மாவுக்காக ஓவர்டைம் பார்த்து வாங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் பணம் போட்டு, 600 பேரிடம் பெரிய அளவில் இந்தக் கேப்சூலைச் சோதித்தார்கள். பலனே இல்லை என்று தெரிந்து 2011-இல் பாதியில் நிறுத்தினார்கள். அதே மாதிரி 1,741 பேரை வைத்து கிரியேட்டினைச் சோதித்ததும் 2013-இல் நின்றது. வைட்டமின் ஈ அதற்கும் முன்பே தோற்றது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் எக்சனடைடு மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 194 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது, அதுவும் நோயைத் தடுக்கவில்லை.

இவ்வளவு கோடி செலவழித்துத் தோல்வியா என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு மகனின் மாதம் இரண்டாயிரத்தை மிச்சம் பண்ணிய ஆய்வைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்ற பதிலும் ஏழைக்குத்தான் அதிகம் வேண்டும். ஏமாற அவரிடம் உபரி கிடையாது.

நரம்பியல் மருத்துவரும் அதையே சொன்ன பிறகு மகன் நிறுத்தினார். அந்தப் பணத்தில் இப்போது ஒரு மாத சின்டோபா எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. ஏன் கையிருப்பு என்றால், இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் சாலை போய்விடும். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், இறுக்கம், நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சமவெளியில் இருக்கும் மருத்துவர்கள் மலை நோயாளிக்கு மருந்து எழுதும்போது மழைக்காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேட்கப்படாத கேள்வி

"மருந்தடிச்சதாலயா தம்பி?" இதை என்னிடம் கேட்டது கணவர். அவர் கையால் அடித்த களைக்கொல்லி, அவர் துணியைத் துவைத்தது அந்த அம்மா. நீங்கள்தான் காரணம் என்றோ இல்லவே இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது என்றேன். ஒரு தனி மனிதருக்கு ஏன் வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத நோய் இது.

ஆனால் அவருடைய கேள்வி வெறும் பயம் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் போதை மருந்தில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நஞ்சால் இளைஞர்கள் சிலர் சில நாளில் பார்க்கின்சன் நோயாளிகள் போல உறைந்தார்கள். அந்த நஞ்சு உடலுக்குள் மாறும் வடிவம், பாராகுவாட் களைக்கொல்லியின் அமைப்பை ஒத்தது. 2011-இல் அமெரிக்க விவசாயிகளிடம் நடந்த ஆய்வில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கும் ரோட்டெனோன் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பார்க்கின்சன் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று வந்தது. அது அங்கே மக்காச்சோளமும் சோயாவும் போன்றவை விளைவிப்பவர்களின் கணக்கு. நம் தேயிலையிலும் கேரட்டிலும் உருளைக்கிழங்கிலும் மருந்தடித்தவர்களை எண்ணி, அவர்கள் வீட்டுப் பெண்களையும் எண்ணி, இருபது வருடம் தொடர்ந்து பார்க்க நம் பணம்தான் வேண்டும். இந்தியா ஆராய்ச்சி, மேம்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் மருத்துவத்துக்கு எவ்வளவு, நரம்பியலுக்கு எவ்வளவு, தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டே போனால் கணவர் கேட்ட கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்று புரியும்.

அறக்கட்டளையில் நடந்த பேச்சு

நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சின்ன அறக்கட்டளைக்குச் சென்ற வருடம் மூன்று லட்ச ரூபாய் வந்தது. மனைவியைப் பார்க்கின்சனுக்கு இழந்த ஒரு பெரியவர், "இதை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்" என்று சொல்லித் தந்தார். எங்கே கொடுப்பது என்று நீண்ட நேரம் பேசினோம்.

ஒருவர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளைக்கு அனுப்பலாம் என்றார். நியாயமான யோசனைதான். நடிகர் ஒருவர் தன் நோயை வைத்து 2000-இல் தொடங்கி, இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறது. பார்க்கின்சனில் மூளை செல்களில் படியும் ஆல்ஃபா சினூக்ளின் புரதம் உண்டு. தண்டுவட நீரில் அந்தப் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை பெரிய அளவில் 2023-இல் நிரூபணமானது அவர்கள் பணத்தில்தான். அந்த ஆய்வுக்கு ஆள் தேடும் வழிகளில் ஒன்று, மணம் அறியும் திறன் குறைந்தவர்களைக் கண்டுபிடிப்பது. ஃபேக்டரி வாசம் வரவில்லை என்று இந்த அம்மா சொன்னபோது அவரிடம் கேட்க அப்படி ஒரு திட்டம் இங்கே இருந்திருந்தால் மூன்று வருடம் வீணாகியிருக்காது. ஆனால் அந்தப் பெருங்கடலில் எங்கள் மூன்று லட்சம் எங்கே தெரியும்?

இன்னொருவர் குன்னூரையே நினைவுபடுத்தினார். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கான பாஸ்டர் நிறுவனம் 1907-இல் இங்கே ஆரம்பித்தது, அதில் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையும் இருந்தது. அதே வளாகத்தில் ஒரே அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அந்த ஒரு அறைக்குப் பணம் கொடுத்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

என் கட்சி வேறு. இந்த அம்மாவின் ரத்த மாதிரியை வெளியூர் மையம் ஒன்று மரபணு ஆய்வுக்குக் கேட்டிருந்தது. அவருக்கும் சம்மதம். போகவில்லை. காரணம் பணம். மருமகள் கூட வந்தால் அவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும், ஜீப், பஸ், தங்குமிடம் வேறு. ஆராய்ச்சி இலவசம், ஆராய்ச்சிக்குப் போவது இலவசமில்லை. இதனால்தான் ஆய்வுகளில் வசதியுள்ள நோயாளிகளே நிறைகிறார்கள். அதன் விளைவு சாதாரணமானதல்ல. பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவின் ஜி2019எஸ் என்ற மாற்றம் வட ஆப்பிரிக்காவிலும் அஷ்கனாசி யூதர்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் அரிது. அந்த மரபணுவைக் குறிவைத்து மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. நம் மக்களிடம் என்ன மாற்றம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், லயத்திலிருந்தும் ஆட்கள் அந்த ஆய்வுக்குப் போக வேண்டும். அவர் அண்ணனின் கை நடுக்கம் யாருடைய பதிவேட்டிலும் ஏறாமலே போய்விட்டது.

ஆய்வில் சேர ஏழைக்கு ஆகும் செலவும் ஆராய்ச்சிச் செலவுதான் என்று வாதாடினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இடம் தருகின்றன, அது ஆசைகாட்டுவதாக ஆகக் கூடாது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எங்கள் பணமும் அந்தக் குழுவுக்குத் தெரிந்துதான் போகிறது. இரண்டு லட்சம் இதற்கு என்று முடிவானது. மிச்சம் ஒரு லட்சத்தைப் பயிற்சிக்கு வைத்தோம். எஸ்டேட் மருந்தகப் பணியாளர்களும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களும் விரல் தட்டும் சோதனையையும் கொழுந்துக் கிலோவையும் கவனிக்கக் கற்றுக்கொள்ள அது.

இப்போதைய நிலை

நாளுக்கு ஐந்து வேளை மாத்திரை. ஒவ்வொரு வேளைக்கு முன்பும் அரை மணி நேரம் மருந்தின் பிடி விடுகிறது. குரல் தணிந்துவிட்டது, அதற்கும் உரக்க எண்ணுவதே பயிற்சி. மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை பற்றி நரம்பியல் மருத்துவர் பேசினார். பல லட்சம் ஆகும், இப்போதைக்குத் தேவையில்லை என்று தள்ளிவைத்திருக்கிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. அட்டை வாங்கிவிட்டார், மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 வருகிறது. இந்தத் தொகை பார்க்கின்சனுக்கும் உண்டு என்று தெரியாத குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

ரத்த மாதிரி கொடுக்கப் போனார், மருமகளோடு. திரும்பி வந்து அறக்கட்டளைக் கூட்டத்தில் அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "ரத்தம் கொடுத்துட்டு வந்துட்டோம் தம்பி. அதுல என்ன தெரிஞ்சுதுனு எங்களுக்கு யார் வந்து சொல்லுவாங்க?" அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை. மையத்துக்கு எழுதினோம். ஆய்வு முடிந்ததும் மொத்த முடிவு என்ன என்று ஒரு பக்கம் தமிழில், பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் வர வேண்டும், வீட்டில் வாசித்துக்காட்ட ஆள் நாங்கள் அனுப்புகிறோம் என்று. அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த நான்கு பேருக்கான பயணச் செலவைக் கொடுத்தோம்.